மேட்ச் குண்டும் மானும்: காயத்தைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வளர்ந்து மெல்பர்ன், பெர்த், ஆக்லாந்து என்று குடிபோன பிள்ளைகளில் சிலருக்கு அங்கே போனதும் வேட்டைப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. இங்கே கோலாலம்பூரில் கிளப்பில் சேர்ந்து காகித இலக்கைச் சுட்டுப் பழகியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். காகிதத்தில் ஒரே ஓட்டைக்குள் போகிற அதே மேட்ச் குண்டை, அதாவது குறிபார்த்துச் சுடும் போட்டிக்கென்று செய்த குண்டை, மானுக்கும் எடுத்துப் போகிறார்கள். அப்புறம் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வருகிறது. "அண்ணே, சரியாத்தான் அடிச்சேன், மான் ஓடிப்போச்சு." இல்லையென்றால், "அண்ணே, சப்பை முழுக்கக் கூழாயிடுச்சு, உள்ள ஒண்ணுமே போகல." (சப்பை என்றால் முன்காலின் தோள்பகுதி.) இரண்டு புகாரும் ஒரே பெட்டிக் குண்டைப் பற்றி வருவதும் உண்டு. ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டும் ஒரே குண்டில் எப்படி வரும் என்று புரிந்துவிட்டால் பாதிக் கோளாறு தீர்ந்த மாதிரி.

இது தீபகற்ப மலேசியாவில் பயன்படுத்துவதற்கான வழிமுறை இல்லை. இங்கே மான் வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் உரிமம் தருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ரூசாவையோ (கடமான்) கிஜாங்கையோ (குரைக்கும் மான்) சுட்டால் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். துப்பாக்கிக்கு 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் உரிமம் வாங்கி வெளிநாட்டில் வேட்டையாடுகிறவர்களுக்கு. அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கே.எல்.ஐ.ஏ. விமானம் ஏறுவதற்கு முன் முதுகுப்பையின் எல்லாப் பாக்கெட்டையும் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பது நல்லது. ஞாபகத்துக்கு என்று ஒரு வெற்றுக் கேஸை, அதாவது சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டைக்கூட, வைத்திருக்க வேண்டாம்.

அந்த முனை ஓட்டை எதற்கு

மேட்ச் குண்டின் மூக்கில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இது விரியிற குண்டுதானே?" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை. சாதாரண முழு உறைக் குண்டில் செப்பு உறை மூக்குப் பக்கம் மூடியிருக்கும், ஈயத்தை அடிப்பக்கம் வழியாகப் போடுவார்கள். மேட்ச் குண்டில் அப்படியே தலைகீழ்: அடிப்பக்கம் ஒரே சீராக மூடியிருக்கும், ஈயம் மூக்குப் பக்கம் வழியாகப் போகும், கடைசியில் மூக்கை அழுத்திக் குவிப்பார்கள். முழுதாகக் குவியாமல் மிஞ்சுவதுதான் அந்த ஓட்டை. குழல் வாயை விட்டு வெளியே வரும் நொடியில் குண்டின் அடியைச் சுற்றி வாயு ஒரே சமமாகக் கசிய வேண்டும். அதற்கு அடிப்பக்கம் துளியும் கோணாமல் இருக்க வேண்டும். துல்லியத்தின் ரகசியத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

இந்த ஓட்டை ஒரு சட்டக் கேள்வியாகவே வந்திருக்கிறது. உடம்புக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று 1899-ல் ஹேக் நகரில் ஒரு பிரகடனம் போட்டார்கள். அந்த வாதத்தில் அடிபட்ட பெயர், கொல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் தொழிற்சாலையில் செய்த குண்டுகள். பிற்பாடு அமெரிக்க ராணுவம் தன் ஸ்னைப்பர்களுக்கு மேட்ச் குண்டு கொடுத்தபோது, மூக்கில் ஓட்டை இருக்கிறதே, இது சரியா என்று கேள்வி வந்தது. அந்த ஓட்டை துல்லியத்துக்காகச் செய்யும் முறையில் வருவது, விரிவதற்காக வைத்தது இல்லை என்று 1990-ல் ராணுவச் சட்ட அலுவலர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வேட்டைக்காரருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. மேட்ச்கிங் என்ற பெயரில் மேட்ச் குண்டு செய்யும் சியரா நிறுவனமே பெரும்பாலான வேட்டைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

விரிவதற்காகச் செய்யவில்லை என்றால் விரியவே விரியாது என்று அர்த்தமில்லை. சில நேரம் விரியும், சில நேரம் கவிழ்ந்து உடையும், சில நேரம் ஒன்றும் செய்யாமல் நேராகப் போய்விடும். தாள் சுடுவதற்கு இதில் எதுவும் பொருட்டில்லை, அதனால் தயாரிப்பவரும் அதைச் சோதித்து உத்தரவாதம் தருவதில்லை.

குண்டைக் குறை சொல்வதற்கு முன்

வருகிற புகார்களில் நிறைய, குண்டின் புகாரே இல்லை. மான் நின்ற இடத்துக்குப் போய் முதலில் ரத்தத்தையும் முடியையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து தடம் பிடித்தால் பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். பச்சையும் நாற்றமும் சேர்ந்து வந்தால் குடல். அப்போது உடனே துரத்தினால் மான் எழுந்து எழுந்து ஓடி மலை தாண்டிவிடும். குளிர்காலம் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேலேகூட விட்டுவிட்டுப் போகலாம். எலும்புத் துணுக்கும் கொஞ்சம் பிரகாசமான ரத்தமும் மட்டும் என்றால் கால்.

குடலில் பட்ட மானை எந்தக் குண்டும் அந்த இடத்திலேயே சாய்க்காது, அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குண்டாக இருந்தாலும். "சரியாத்தான் அடிச்சேன்" என்று சொல்லும் தம்பியிடம் நான் முதலில் கேட்பது, சுட்டதும் மான் எப்படித் துள்ளியது, எந்த நிற ரத்தம் பார்த்தாய் என்பதுதான். அதற்குப் பதில் தெரியாதவருடன் குண்டைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

நுரையீரலில்தான் பட்டது, ஆனாலும் கோளாறு என்றால், தொடர்ந்து படியுங்கள். கையில் இரண்டு விவரம் வேண்டும்: மான் எத்தனை மீட்டரில் நின்றது, குண்டு என்ன எலும்பில் பட்டது. முதலாவதிலிருந்து குண்டு தாக்கிய வேகம் தெரியும். கீழே வருகிற பெரும்பாலான அறிகுறிகளை அந்த வேகமே விளக்கிவிடும்.

அறிகுறி: நுழைந்த ஓட்டையும் சின்னது, வெளியேறிய ஓட்டையும் சின்னது, மான் வெகுதூரம் ஓடிவிட்டது

குண்டு விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போயிருக்கிறது. தோலை உரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நுனி நுழையும் ஓட்டை, நடுவில் நுரையீரலில் ஒரு குறுகலான தடம், அவ்வளவுதான். மான் கடைசியில் செத்துத்தான் போகும். ஆனால் அதற்குள் எங்கே போய்ப் படுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பெரும்பாலும் தூரம் காரணமாக இருக்கும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 168 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) மேட்ச் குண்டு குழல் வாயில் விநாடிக்கு 2,650 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று வையுங்கள். 300 மீட்டரில் அது சுமார் 2,050-க்கு இறங்கிவிடும், 500 மீட்டரில் 1,700 அளவுக்கு. விரிவதற்கென்றே செய்த பல வேட்டைக் குண்டுகளே 1,800-க்குக் கீழே விரியத் தயங்கும்போது, மூக்கில் ஊசி ஓட்டை மட்டும் உள்ள குண்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதிலும் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பொதுவாக 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்களுடையது 20 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 20, 25 அடி கழித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் கருவி வைத்து அளந்துவிடுங்கள். கணக்குப் போடுவதைவிட அது நிச்சயம்.

கிட்டத்திலேயே இப்படி ஆனால் மூக்கைச் சந்தேகியுங்கள். மேட்ச் குண்டின் மூக்கு ஓட்டை ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்றில் அகலமாகவும் இன்னொன்றில் கிட்டத்தட்ட மூடியும் இருக்கும். காகிதத்தில் இது ஒன்றும் செய்யாது. மானின் விலா எலும்புகளுக்கு நடுவே மெல்லிய தசையில் நுழையும்போது, மூடிய மூக்குக் குண்டுக்கு விரிய எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. பக்கத்துக் குண்டு அதே இடத்தில் பட்டு உடைந்து நொறுங்கியிருக்கும். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு நேரெதிர்ப் புகார் வருவது இதனால்தான்.

சிலர் சின்ன டிரில் பிட் வைத்து மூக்கு ஓட்டையைப் பெரிதாக்குகிறார்கள். வேண்டாம். நடுவில் நேராகத் துளைக்க வீட்டு மேசையில் முடியாது. துல்லியத்துக்காக வாங்கிய குண்டின் துல்லியத்தைக் கெடுத்து, விரிவதற்கும் உத்தரவாதம் இல்லாமல் விட்டது மிஞ்சும்.

சரி, என்னதான் செய்வது? தூரத்தைக் குறையுங்கள், அல்லது அந்தத் தூரத்து வேகத்தில் விரியும் குண்டுக்கு மாறுங்கள். ஹார்னடி நிறுவனத்தின் ஈ.எல்.டி-எக்ஸ் மாதிரி பாலிமர் முனை வைத்த குண்டுகள் இதற்காகவே வந்தவை. மோதும்போது அந்த முனை பின்னால் தள்ளப்பட்டு உறையைத் திறக்கிறது, அதனால் குறைந்த வேகத்திலும் வேலை செய்கிறது. 1,600 அடி வரை விரியும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார்.

அறிகுறி: சப்பையில் கை நுழையும் பள்ளம், ஆனால் நுரையீரலில் கீறல்கூட இல்லை

இது முன்னதற்கு நேர்மாறு. மான் கிட்டத்தில் நின்றிருக்கும், ரைபிள் பெரிதாக இருந்திருக்கும். .300 வின்செஸ்டர் மேக்னத்திலிருந்து விநாடிக்கு 3,000 அடியை நெருங்கிப் புறப்பட்ட மேட்ச் குண்டு 40, 50 மீட்டரில் சப்பை எலும்பில் மோதினால், மெல்லிய உறை அங்கேயே கிழிந்து, உள்ளே இருக்கும் மென்மையான ஈயம் பினாங்குத் தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் உடைக்கிற தேங்காய் மாதிரி சிதறிவிடும். வெளியே பார்க்கப் பயங்கரமான காயம். உள்ளே உயிர் போகிற இடத்துக்குப் போய்ச் சேர எடையுள்ள துண்டு எதுவும் மிஞ்சியிருக்காது.

கடமானில் இந்தக் கோளாறுதான் மிக மோசம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1860-களில் கொண்டுவந்து விட்ட கடமான்கள் இன்று மலைக்காடு முழுக்கப் பரவியிருக்கின்றன. நம் ஊர் ரூசாவும் மேற்குத் தொடர்ச்சி மலைக் கடமானும் இதே இனம்தான். வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். தோலும் சப்பை எலும்பும் அதற்கேற்ற கனம். அதனால்தான் அந்த மாநிலத்துச் சட்டம் கடமானுக்குக் குறைந்தது .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் எடையும் வேண்டும் என்கிறது. புள்ளிமான், ஃபாலோ மான்களுக்கு .243-ம் 80 கிரெய்னும் போதும். இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. மேட்ச் சுடுகிறவர்களின் செல்லப்பிள்ளையான 6.5 கிரீட்மோர், .264 விட்டம்தான். எத்தனை துல்லியமாக இருந்தாலும் விக்டோரியாவில் கடமானைச் சுட அதற்கு அனுமதி இல்லை.

என் அபிப்பிராயம் இது. சின்ன மான், சப்பைக்குப் பின்னால் நுரையீரல் மட்டும் குறி, நடுத்தர வேகம் என்றால், ஈ.எல்.டி மேட்ச் மாதிரி பாலிமர் முனை உள்ள மேட்ச் குண்டு நன்றாகவே வேலை செய்கிறது. நியூசிலாந்தில் நிறையப் பேர் அப்படிச் சுடுகிறார்கள், அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். கடமானுக்கு மட்டும் வேண்டாம். பெரணிப் புதருக்குள் இருந்து அது திடீரென்று 30 மீட்டரில் சப்பையைக் காட்டி எழும்போது, எலும்பைத் தவிர்த்துக் குறி வைக்க நேரம் இருக்காது. அங்கே ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்த பாண்டட் குண்டு, நடுவில் செப்புத் தடுப்புச் சுவர் உள்ள நாஸ்லர் பார்ட்டிஷன், முழுச் செப்புக் குண்டு இவற்றில் ஒன்றைப் போடுங்கள். பார்ட்டிஷன் பிறந்த கதையும் இதே கோளாறில்தான் தொடங்குகிறது: 1946-ல் கனடாவில் ஒரு மூஸ் மான், கிட்டத்தில் பட்ட வேகமான குண்டுகள் உள்ளே போகாமல் சிதறியதால் விழ மறுத்தது. அதன்பிறகே ஜான் நாஸ்லர் அந்தத் தடுப்புச் சுவரை யோசித்தார்.

பெர்கர் நிறுவனத்தின் குண்டுகளை வாங்குகிறவர்கள் பெட்டியை இரண்டு தடவை படிக்க வேண்டும். ஒரே வடிவம், ஒரே எடையில் டார்கெட் என்றும் ஹன்டிங் என்றும் இரண்டு வருகின்றன. நீளமான போட்டிக் குழல்களில் குண்டுகள் காற்றிலேயே உடைந்ததால் டார்கெட் வகைக்கு உறையைத் தடிமனாக்கினார்கள். பழைய மெல்லிய உறை ஹன்டிங் வகையில் தொடர்கிறது. அந்த ஹன்டிங் குண்டு இரண்டு மூன்று அங்குலம் உள்ளே போன பிறகே சிதறும் என்பது அவர்கள் கணக்கு. டார்கெட் பெட்டியைத் தவறாக எடுத்தால், விரியாமல் ஊசி மாதிரி துளைக்கும் அந்த முதல் அறிகுறிதான் கிடைக்கும்.

அறிகுறி: மான் செத்துக் கிடந்தது, ஆனால் ரத்தத் தடம் இல்லை

குண்டு உள்ளேயே முழுதாக உடைந்துவிட்டது, மறுபக்கம் வெளியேறவில்லை. உயரத்தில் நுழைந்த சின்ன ஓட்டை வழியாக ரத்தம் வெளியே வராது. நெஞ்சுக்கூடு நிரம்பிய பிறகே ஒழுகும். திறந்த வெளியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. புதர் அடர்ந்த பள்ளத்தாக்கில் 60 மீட்டர் ஓடிய மான்கூடக் கைக்கு எட்டாமல் போகலாம்.

சுட்டதும் மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் இரண்டு மரங்களோடு பொருத்தி மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுட்ட இடத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போங்கள். குறியைக் கொஞ்சம் தாழ்த்தி, நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் ரத்தம் சீக்கிரம் வெளியே வரும்.

அறிகுறி: கறியில் கறுப்புத் துணுக்கு, எங்கும் ரத்தக்கட்டு

சிதறும் ஈயக் குண்டு போகிற வழியோடு நிற்பதில்லை. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஈயக் குண்டால் சுட்டு இறைச்சிக்கூடத்தில் வெட்டிக் கொடுத்த 30 மான்களில் 24-ன் அரைத்த கறிப் பொட்டலங்களில் உலோகத் துணுக்குகள் இருந்தன. அவை சாதாரண வேட்டைக் குண்டுகள். மெல்லிய உறையால் எளிதில் உடைகிற மேட்ச் குண்டில் அது குறைய வழியில்லை.

காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் தாராளமாக வெட்டி எறியுங்கள். ரத்தம் கட்டிய கறியைக் கழுவிக் குழம்பில் போடலாம் என்று பார்க்காதீர்கள்; கழுவினால் ஈயம் வேறு இடத்துக்குப் பரவும். புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பில் ஈயம் இன்னும் எளிதாகக் கரையும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீடு என்றால் முழுச் செப்புக் குண்டுக்கு மாறிவிடுவதுதான் சரியான பதில். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமே கூடாது என்று சட்டமாகிவிட்டது. மற்றபடி அந்தக் கறியைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவரும் யோசனை இருந்தால் மாக்கிஸின் (மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைத் துறை) இறக்குமதி அனுமதி இல்லாமல் வேண்டாம்.

அறிகுறி: வேட்டைக் குண்டுக்கு மாறினதும் குறி தவறுகிறது

மேட்ச் குண்டில் சீரோ வைத்துவிட்டு (குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி குறிக்கருவியைச் சரிசெய்வது), எடை ஒன்றுதானே என்று வேட்டைக் குண்டைப் போட்டுக் காட்டுக்குப் போய்விட்டீர்கள். எடை ஒன்றாக இருந்தாலும் வேறு குண்டு வேறு இடத்தில்தான் விழும். 100 மீட்டரில் மூன்று நான்கு அங்குலம் விலகினாலும் ஆச்சரியம் இல்லை. பயிற்சிக்கு மேட்ச், மானுக்கு வேட்டைக் குண்டு என்று வைத்துக்கொள்வது நல்ல சிக்கனம், ஆனால் வேட்டைக்கு முந்தின நாள் வேட்டைக் குண்டில் சீரோவைச் சரிபாருங்கள். முதல் தோட்டா குளிர்ந்த குழலில் எங்கே விழுகிறது என்பதே கணக்கு. மானைச் சுடப்போவது அதைக் கொண்டுதான்.

பருவமும் ஏமாற்றும். ஜனவரி வெயிலில் 38 பாகையில் சீரோ வைத்து, ஜூலையில் மலை மேல் உறைபனியில் சுட்டால், பவுடரைப் பொறுத்து வேகம் 50 அடிக்கும் மேல் குறையலாம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் குண்டும் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் தளரும். 150 மீட்டருக்குள் இது தெரியாது, 400-ல் தெரியும்.

அறிகுறி: தாளில் வட்ட ஓட்டை விழாமல் நீள்வட்டமாகக் கிழிகிறது

குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது. நீளமான குண்டுக்கு உங்கள் குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் திருகல், போதவில்லை. பழைய .270 ரைபிள்கள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று; 170 கிரெய்ன் நீளக் குண்டுகளுக்கு 8 அங்குலம் வேண்டியிருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் முறுக்கு அளவைப் பார்த்து வாங்குங்கள். செப்புக் குண்டு ஈயத்தைவிட இலேசானது என்பதால் அதே எடையில் நீளமாகத்தான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அறிகுறி: சுடாமல் தோட்டாவைக் கழற்றினால் கேஸ் மட்டும் வெளியே வருகிறது

சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு வருவது. மேட்ச் சுடுகிறவர்கள் குண்டை நீளமாக நிறுத்தி, அறைக்குள் போனதும் அது குழலின் வரிகளைத் தொடும்படி வைப்பார்கள். போட்டியில் போட்ட தோட்டாவை எப்படியும் சுட்டுவிடுவீர்கள், அதனால் தெரியாது. வேட்டையில் பத்தில் ஒன்பது தடவை சுடாமல் கழற்றுவீர்கள். குண்டு வரியில் சிக்கிக்கொள்ளும், கேஸ் உருவி வரும், பவுடர் முழுக்க போல்ட்டுக்குள் கொட்டும். இருட்டுகிற நேரத்தில் மலை மேல் இது நடந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. வேட்டைத் தோட்டாவை வரிகளிலிருந்து நன்றாகத் தள்ளி, மேகசினுக்குள் தாராளமாக அடங்கும் நீளத்தில் நிறுத்துங்கள்.

ஏற்கெனவே சிக்கிவிட்டது என்றால், போல்ட்டைக் கழற்றி, ரைபிளைக் கவிழ்த்துப் பவுடரை முழுக்கத் தட்டிவிடுங்கள். பிறகு குழல் வாய்ப் பக்கம் இருந்து க்ளீனிங் ராடை விட்டு மெதுவாகத் தட்டினால் குண்டு பின்னால் வந்து விழும். பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம், குழல் பிளந்துவிடும்.